இரும்புக்கு ஒற்றைக் கைச் சட்டை

உங்கள் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று என் தையல் கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "அவளும் தையல்தான், இரும்புக்குச் சட்டை தைக்கிறாள்" என்பேன். அளவு கொடுக்க நிற்கிறவர் சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன், டேப் நகர்ந்துவிடும். அதோடு, நான் சொன்னதில் முக்கால்வாசி உண்மை.

அவள் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியன். "வெறும் டெக்னீசியன்தானே" என்று என் அண்ணன் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் ரெடிமேட் பேண்ட்தான் போடுகிறான்.

இருபத்தேழு வயதில் அங்கே பாட்டில் கழுவும் வேலைக்குப் போனாள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம். கழுவுகிற ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் படித்தாள். படித்ததை எழுதி வைத்துக்கொண்டாள். எழுதியதில் புரியாததையெல்லாம் போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேட்டாள். இவள் தொல்லை தாங்காமல்தானோ என்னவோ, மூன்றாம் வருஷம் அளந்து ஊற்றுகிற வேலையைக் கொடுத்தார்கள். மாலை வகுப்புக்குப் போய் டிப்ளமோவும் முடித்தாள். இப்போது ஐம்பத்திரண்டு வயது. ஜன்னலோரம் எட்டடி மேஜை, அதன் மேல் புகையை இழுக்கிற கண்ணாடிக் கூண்டு, உயரமான ஒரு ஸ்டூல். அந்த மேஜையில் வேறு யாரும் ஒரு ஸ்பூனைக்கூட இடம் மாற்றி வைக்க முடியாது. எதையும் அவசரப்பட்டுக் கொட்டாமல் சொட்டுச் சொட்டாக ஊற்றுவாள் என்பதால் அங்கே அவளுக்குச் சொட்டக்கா என்று பெயர். பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

போன வருஷம் அந்த மேஜைக்கு ஆபத்து வந்தது.

இயக்குநர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். மூன்று பேர் கொண்ட குழு வந்து இரும்பு வேலையைப் பார்வையிடும். ஒருமுறை போட்ட பொடியிலேயே, சாயத்தைத் திரும்பத் திரும்ப ஊற்றினாலும், நீலத் தண்ணீர் பத்து சுற்று தெளிந்தால் வேலை தொடரும். தெளியாவிட்டால் மேஜையும் கூண்டும் பக்கத்துக் குழுவுக்குப் போகும், டெக்னீசியன் கீழ்த்தளத்து ஸ்டோருக்கு மாற்றப்படுவார். ஸ்டோர் என்றால் பாட்டில், கையுறை, காகிதச் சுருள் இவற்றையெல்லாம் எண்ணிக் கொடுக்கும் இடம். ஜன்னல் கிடையாது. அவள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு, "என்னை எண்ண விடப்போறாங்களாம்" என்றாள். தலையை எடுக்கச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அருவருப்பாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த இரும்பு வேலை என்னவென்று எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். புரியாதது போலத் தலையாட்டினால் அவளுக்குக் கோபம் வரும் என்பதால் எனக்கு நன்றாகவே புரியும்.

சாயப் பட்டறையிலிருந்து வரும் நீலத் தண்ணீரில் கொஞ்சம் பெராக்சைடு ஊற்றி, ஒரு சிட்டிகை இரும்பு உப்பைப் போட்டால் சாயம் உடைந்து தண்ணீர் தெளியும். ஆனால் வெறும் இரும்பு சீக்கிரமே துருச் சேறாகி அடியில் உட்கார்ந்துவிடும். அதனால் அதைச் சுற்றி இன்னொரு மூலக்கூறைப் பிடிக்க வைப்பார்கள். பள்ளிப் புத்தகத்தில் அதற்கு ஈந்தணைவி என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் லிகண்ட். எங்கள் வீட்டில் சட்டை. இரும்பு என்னவோ அதே இரும்புதான். போட்டிருக்கிற சட்டையைப் பொறுத்துத்தான் அது உழைக்குமா, தூங்குமா என்பது.

"இரும்புக்கு ஆறு இடம்" என்று என் வெட்டு மேஜையில் ஆறு பட்டனை வட்டமாக வைத்துக் காட்டினாள். "ஒரு லிகண்ட் மூணு இடத்தப் பிடிச்சுக்கும். மிச்சம் மூணு காலியா இருக்கணும். அங்கதான் பெராக்சைடு வந்து உட்காரும். உட்கார்ந்தாத்தான் வேலை."

"ரெண்டு சட்டை போட்டா இன்னும் பத்திரமா இருக்குமே" என்றேன்.

"ரெண்டு போட்டா மூணும் மூணும் ஆறு. உட்கார இடமே இல்ல. நீங்க பட்டன பத்திரமா எடுத்து வைங்க, அது போதும்."

நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது இது முதல் தடவை இல்லை.

பதினான்கு மாதமாக அவள் அந்தச் சேர்மத்தைச் செய்துகொண்டிருந்தாள். குறிப்பு எழுதியது அவர்கள் குழுத் தலைவி. எல்லோரும் மேடம் என்பார்கள், கெட்டிக்காரர், பேச்சில் மட்டும் கொஞ்சம் வெடுக்கென்று இருப்பார். குறிப்பில் இரும்பையும் லிகண்டையும் ஆல்கஹாலில் கலக்கவும் என்று இருந்தது. இவள் லிகண்டைக் குடுவையில் போட்டு, இரும்புக் கரைசலைச் சொட்டுப் புனலில் ஊற்றி, ஒரு சொட்டு, ஒரு மூச்சு, அடுத்த சொட்டு என்று விடுவாள். அருமையான அடர் சிவப்பில் பொடி கிடைக்கும். பார்க்கிறவர்கள் எல்லாம் ஆகா என்பார்கள். சாயத் தண்ணீரில் போட்டால் மட்டும் அந்த அழகுப் பொடி பெரிதாக ஒன்றும் செய்யாது. இரண்டாவது சுற்றைத் தாண்டியதே இல்லை.

கடிதம் வந்த மறுவாரம் ஒரு மதியம், புனலைக் கழுவிய தண்ணீரை ஒரு பீக்கரில் பிடித்து வைத்திருந்தாள். காலையில் சோதித்து மிச்சமிருந்த பெராக்சைடு கலந்த நீலத் தண்ணீரைச் சாப்பிடப் போகிற அவசரத்தில் அதே பீக்கரில் கொட்டிவிட்டாள். கழிவில் பெராக்சைடை ஊற்றாதீர் என்று சுவரில் எழுதி ஒட்டியதே இவள்தான். திரும்பி வந்து பார்த்தால் நீலம் போயே போச்சு. தண்ணீர் லேசான மஞ்சளில் தெளிந்து நிற்கிறது.

வேறு யாராவது என்றால் புனலில் ஒட்டியிருந்த வெறும் இரும்பின் வேலை என்று சாக்கடையில் ஊற்றியிருப்பார்கள். இவள் பீக்கரைத் தூக்கி அடியைப் பார்த்தாள். வெறும் இரும்பு என்றால் துரு தங்கியிருக்க வேண்டும். ஒரு பொட்டு துரு இல்லை. அப்படியானால் இந்த இரும்பு சட்டை போட்டிருக்கிறது, ஆனால் சிவப்பாகவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். குடுவையிலிருந்து தெறித்த கொஞ்சம் லிகண்ட் புனலின் நுனியில் பட்டிருக்கிறது. அங்கே இரும்பு நிறைய, லிகண்ட் கொஞ்சம். அதனால் ஆளுக்கு ஒரு சட்டைதான் கிடைத்திருக்கிறது. குடுவைக்குள்ளோ நிலைமை நேர் எதிர். ஒவ்வொரு சொட்டு இரும்பும் லிகண்டுக் கூட்டத்துக்கு நடுவே போய் விழுகிறது, விழுந்த கையோடு இரண்டு இரண்டாக மாட்டிக்கொள்கிறது.

அன்று சாயங்காலம் மேடத்திடம் பேசியதை வீட்டில் எனக்கு நடித்தே காட்டினாள்.

"மேடம், தப்பு உங்க குறிப்புல இல்ல. என் கையில."

"உங்க கையிலயா? இந்தக் கட்டடத்துலயே நிதானமான கை அதுதானே."

"அந்த நிதானம்தான் மேடம் தப்பு. நான் எவ்வளவு மெதுவா இரும்ப விட்டேனோ, அவ்வளவு ஒழுங்கா ரெண்டு ரெண்டா மாட்டிக்கிச்சு. எவனாவது மொத்தமாக் கொட்டியிருந்தாக்கூட நாலுல ஒண்ணு பிழைச்சிருக்கும். இத்தனை நாளும் இரும்புல லிகண்ட ஊத்தியிருக்கணும். நான் லிகண்ட்ல இரும்ப ஊத்திட்டேன்."

பதினான்கு மாத வேலை பாழானது தன்னால்தான் என்று, கேட்காதவரிடம் போய்ச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அது தன்னுடைய தப்பு என்பதே அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நானாக இருந்தால் கத்தரிக்கோல் மழுங்கல் என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் மாற்றி ஊற்றினாள். வெளிர் மஞ்சள் பொடி வந்தது. சாயத் தண்ணீரில் போட்டதும் நாலு நிமிஷத்தில் நீலம் போனது. மேடம் கை தட்டினாராம். ஆனால் இரண்டே நாளில், மூடி வைத்த பாட்டிலுக்குள்ளேயே மஞ்சள் ரோஸாகி, ரோஸ் சிவப்பாகிவிட்டது. ஒரு இரும்பு தன் சட்டையைக் கழற்றி இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வாங்கினது இரண்டு சட்டையோடு தூங்குகிறது, கொடுத்தது வெறும் உடம்போடு துருப்பிடிக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு அந்த இரும்பின் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அதற்கு மேடம் ஒரு வழி சொன்னார். லிகண்டின் இரண்டு ஓரத்திலும் பெரிய கிளைகளை வைத்துவிட்டால், ஒரு லிகண்ட் இருக்கிற இடத்தில் இன்னொன்று நெருங்க முடியாது. செய்து பார்த்தார்கள். மூன்று வாரம் போயும் பொடி மஞ்சளாகவே இருந்தது. நிறம் மாறாததோடு சரி, வேலையும் செய்யவில்லை. அவ்வளவு பெரிய கிளைகளைத் தாண்டிச் சாயத்தாலும் கிட்டே வர முடியவில்லை. சின்னக் கிளை வைத்தார்கள். வேலை செய்தது, நாலாம் நாள் சிவந்தது. குழு வருவதற்கு இன்னும் மூன்று வாரம்தான்.

அப்போதுதான் இவள் அதைச் சொன்னாள். "ஒரு பக்கம் மட்டும் பெரிய கிளை வைப்போம் மேடம். மறுபக்கம் மொட்டையா விடுவோம். இன்னொரு லிகண்ட் உள்ள வரணும்னா அதுக்கு ரெண்டு பக்கமும் இடம் வேணும். சாயத்துக்கு ஒரு பக்கம் போதும்."

மேடம் யோசித்தார். "எண்ணம் சரிதான். ஆனா ஒரு கிளை வைக்கும்போதே சிலதுல ரெண்டு ஒட்டும், சிலதுல ஒண்ணுமே ஒட்டாது. மூணும் கலந்துதான் கிடைக்கும். பிரிக்கிறதுக்கே மூணு மாசம் ஆகும்."

"மூணு வாரம் போதும்."

"உங்களால முடியாட்டி?"

"முடியும் மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து, "ஒரு கை வச்ச சட்டை, பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அப்படி ஒன்றை என் கடையில் தைத்துத் தொங்கவிட்டால் நான் ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

அந்த நாட்களில் வீட்டில் அவள் பேசியதெல்லாம் மூன்று பேரைப் பற்றித்தான்: இரண்டு கிளைக்காரன், ஒரு கிளைக்காரன், மொட்டை. ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் மாவு போன்ற வெள்ளைப் பொடியை நிரப்பி, மேலே கலவையை ஊற்றி, கரைப்பானை விட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு கிளைக்காரன் முதலில் இறங்குவான். கடைசியில் மொட்டை. நடுவில் வருகிறவன்தான் வேண்டும், அவனோ இரண்டு பேரோடும் ஒட்டிக்கொண்டே வருவான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சோதனைக் குழாய் சோதனைக் குழாயாகப் பிடித்தாள். முதல் தடவை மூன்றும் கலந்துவிட்டது. கரைப்பானை மாற்றினாள். இரண்டாம் தடவை பாதி கலந்தது. சாயங்காலம் கால் வீங்கி வருவாள். முகத்தில் மட்டும் ஒரு வாட்டமும் இருக்காது. "வந்துடும்" என்பாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

எனக்கோ பயம்தான். அந்தப் பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளை மேல்கோட்டு தைத்துக் கொடுப்பது நான்தான். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் பதினாலு கோட்டை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்து ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்க்காரர் பல வருஷ வாடிக்கைக்காரர், நல்ல மனுஷர். உள்ளே குழல்விளக்கு வெளிச்சத்தில் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் முதுகு உடைந்த நாற்காலி ஒன்று கிடந்தது. அதில் அவள் உட்கார்ந்து கையுறை எண்ணுவது போல ஒரு நினைப்பு வந்துவிட்டது. என் வாய் தானாகத் திறந்தது.

"ஒருவேளை அவ இங்க வர்ற மாதிரி ஆச்சுன்னா, ஃபேனுக்குக் கீழ நல்ல நாற்காலியாப் பார்த்துப் போடுங்க. முதுகு வலி இருக்கு அவளுக்கு."

"இதெல்லாம் சொல்லணுமா சார்? நான் பார்த்துக்கறேன்."

நிம்மதியாகத்தான் வெளியே வந்தேன். கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை நடுவில் வருகிறவன் தனியாக வந்தான். ஒன்றரைக் கிராமுக்கும் கொஞ்சம் கூட. அவள் இரும்புக் கரைசலைக் குடுவையில் போட்டு, லிகண்டைப் புனலில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெளிர் மஞ்சள். நாலு நாள் பார்த்தாள், ஆறு நாள் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

குழு வந்த அன்று எனக்கு மறுபடியும் கோட்டு வேலை இருந்தது. இரண்டு கோட்டுக்குப் பட்டன் மாற்ற வேண்டுமென்று நானே ஒரு காரணம் உண்டாக்கிக்கொண்டேன். ஆய்வுக்கூடக் கதவுக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், கதவும் திறந்தே இருந்தது.

ஒரு லிட்டர் ஜாடியில் நீலத் தண்ணீர். அவள் பொடியை ஒரே ஒரு முறை போட்டாள், பெராக்சைடு விட்டாள். நாலு நிமிஷத்தில் தெளிந்தது. மறுபடி சாயம் ஊற்றினாள், தெளிந்தது. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது சுற்றில் நீலம் அப்படியே நின்றது. ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம். மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"நின்னுடுச்சு" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவை மூடியபடி.

"இரும்பு நிக்கல சார்" என்றாள் இவள். "பெராக்சைடு தீர்ந்துபோச்சு. உழைக்கிறவனுக்குச் சாப்பாடு போடாம வேலை வாங்க முடியாதில்ல?"

அளந்து வைத்திருந்த பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அந்த அவசரத்திலும் ஒரு சொட்டு, ஒரு மூச்சு, அடுத்த சொட்டு. ஜாடிக்கு நடுவே நீலம் வெளிறியது, பிறகு ஓரமெல்லாம் வெளிறியது. எட்டு. ஒன்பது. பத்து. அவள் நிறுத்தவில்லை. பதினேழாவது சுற்றில் அந்த மனிதர், "போதும்மா, நம்பறோம்" என்றார். அடியில் ஒரு பொட்டு துரு இல்லை.

ஒரு பக்கம் மட்டும் கிளை வைப்பது யார் யோசனை என்று கேட்டார்கள். மேடம் வெடுக்கென்று, "என்னைக் கேட்காதீங்க, அவங்களக் கேளுங்க" என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவளை நான் அவ்வளவு பெருமையாகப் பார்த்ததில்லை.

குழு போனதும் பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நானும் உள்ளே போனேன். செய்தி கேட்டுக் கீழ்த்தளத்திலிருந்து ஸ்டோர்க்காரரும் ஏறி வந்தார். மனசாரச் சந்தோஷப்பட்டார். பட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "அப்ப அந்த நாற்காலிய வேற ஆளுக்குக் கொடுத்துடவா சார்? நீங்க கேட்டீங்களேன்னு ஃபேனுக்குக் கீழ மெத்தையெல்லாம் போட்டு வச்சிருந்தேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் அசடு வழிந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி தூரம் வரைக்கும் சாயத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள். மருந்துக் கம்பெனிக் கழிவுக்கு இந்த லிகண்ட் போதாது, கிளையைக் கொஞ்சம் குட்டையாக்க வேண்டும் என்றாள். சிக்னலில் நிற்கும்போதுதான் கேட்டாள்.

"எப்ப போய்க் கேட்டீங்க?"

"மூணாவது வாரம். உன் முதுகு வலிக்காகத்தான்..."

"முதுகுக்காகத்தான், தெரியும். நான் தோத்திருந்தாலும் அங்க போயிருக்க மாட்டேன். அந்தப் பொடியக் கையில எடுத்துக்கிட்டு ஊர்ல இருக்கிற லேப் கதவையெல்லாம் தட்டியிருப்பேன். இத்தனை வருஷம் ஒரே வீட்ல இருக்கீங்க, இதுகூடவா தெரியாது?" விளக்கு மாறியது. அவள் நகரவில்லை. "அந்த மனுஷன்கிட்ட நாற்காலி கேட்ட நேரத்துல, 'அவ இங்க வர மாட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் கோபப்படவே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் நேரே கீழ்த்தளத்துக்குப் போனேன். ஸ்டோர்க்காரர் அப்போதுதான் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அவ இங்க வர மாட்டா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியுமே சார்" என்றார். "இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே."